ஜகார்த்தாவில் கரிச்சான் கற்ற பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு, சுகிமான் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஊரில் மூன்று கோப்பை வாங்கியதென்று இங்கே பறவைப் பாட்டுப் போட்டிக்குக் கொடுத்தனுப்பினீர்களே, அந்தக் குண்டுக்கரிச்சானும் நலம். என் சாலையோர அறையில் இருந்ததில் ஆம்புலன்ஸ் சத்தத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போட்டிப் பந்தலில் அதையே பாடியது. கூட்டம் பதறி விலகி வழிவிட்டது.

"யாருக்கு என்னாச்சுப்பா?" என்று எழுந்தார் நடுவர். கூண்டைக் காட்டினேன்.

"இத ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பு" என்று வெளியேற்றிவிட்டார். கோபப்படாதீர்கள்.

பழைய பாட்டை மறுபடி பழக்க வேண்டும். விடியற்காலையில் அதற்கு நீங்கள் அடிக்கும் சீழ்க்கையைப் போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவே அம்மா உங்களைத் திட்டுவாள். அதை வெட்டிவிடாதீர்கள். அதுவும் கேட்டால்தான் பறவைக்குச் சரிப்படும்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

சுகிமான்