தலம்பிராலுவுக்கு எந்த ஃபிளாஷ்?

பிப்ரவரி 6, பீமவரம்

தனியாகப் படமெடுக்க ஒத்துக்கொண்ட முதல் கல்யாணம் ஒன்பது நாளில். இருந்த ஒரே ஃபிளாஷ் இன்று கண்ணை மூடிவிட்டது. இப்போதா போகணும்?

பிப்ரவரி 8

விஜயவாடா கடை. விலை கூடியது அழுத்த அழுத்த மின்னுகிறது. மலிவானது ஒரு தடவை மின்னிவிட்டு மூச்சு வாங்குகிறது. ஆனால் அந்த ஒன்றின் விலைக்கு இதில் நான்கு வரும்.

கண் டாக்டரைப் பார்க்க என்னோடு வந்திருந்த அத்தய்யா, என் மாமியார், கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, ரெண்டும் வெளிச்சந்தானே? இதுக்குள்ள மட்டும் என்ன, தங்கக் கம்பியா?"

"வெளிச்சம் ஒண்ணுதாம்மா. இது சலிக்காது. அது சலிச்சிடும்."

"அப்போ ரெண்டு சோம்பேறிய வாங்கிக்கடி ஹாரிகா. மாத்தி மாத்தி வேலை வாங்கு."

வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 9

தப்புப் பண்ணிட்டேனோ? தலம்பிராலுவில் பொண்ணும் மாப்பிள்ளையும் மஞ்சள் அரிசியை ஒருத்தர் தலையில் ஒருத்தர் போட்டி போட்டுக் கொட்டுவது கொஞ்ச நேரம்தான். அப்போது போய் இது மூச்சு வாங்கினால்?

பிப்ரவரி 12

முற்றத்தில் ஒத்திகை. என் கணவர் கிரி தலையில் அத்தய்யா அரிசி கொட்டினார். பிள்ளையைப் பழிவாங்குகிற மாதிரி! ஒரு ஃபிளாஷ் கேமராமேல், இன்னொன்று பக்கத்தில் ஸ்டூல்மேல். பக்கத்திலிருந்து அடித்தால் அரிசி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. அழகு!

ஆனால் அங்கே அதை யார் பிடிப்பது? கிரிக்கு அன்று குட்டையில் இறால் பிடிப்பு. அத்தய்யாவைக் கேட்டேன்.

"நானா? மேடைகிட்டயா? உனக்கென்ன பைத்தியமா?"

மாமனார் இறந்தபிறகு அத்தய்யா மேடைப் பக்கமே போவதில்லை; கல்யாணம் என்றால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஏன் கேட்டேன்?

பிப்ரவரி 13

"எந்தச் சேலை கட்டணும்?" என்று அத்தய்யா காலையில் கேட்டார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 15

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

அத்தய்யா ஃபிளாஷோடு மேடை ஓரத்தில் நின்றதும் மாப்பிள்ளையின் பெரியம்மா கிட்டே வந்து, "நீங்க கொஞ்சம் பின்னால..." என்று இழுத்தார். அத்தய்யா முகம் சுருங்கிப்போனது. மணையில் உட்கார்ந்திருந்த பொண்ணு லாஸ்யா நிமிர்ந்து, "அவங்க போனா என் வெளிச்சம் போயிடும் பெத்தம்மா. அங்கேயே இருக்கட்டும்" என்றாள். பெரியம்மா நகர்ந்துகொண்டார்.

தலம்பிராலு. நாலு படம் வந்தது. பிறகு கேமராமேல் இருந்தது சூடாகி நின்றே விட்டது. அது மின்னுவதைப் பார்த்துத்தான் அத்தய்யா கையில் இருப்பதும் மின்னும்; அது நின்றால் இதுவும் எரியாது. அய்யோ, அரிசித் தட்டு காலியாகிறது — என்ன செய்வேன்?

என் முகத்தைப் பார்த்தாரே, அடுத்த நொடி அத்தய்யா குரல் மண்டபம் முழுக்க: "என்ன மாப்ள, அதுக்குள்ள முடிச்சாச்சா? பொண்ணு ஜெயிச்சிட்டா, ஒத்துக்கிறீங்களா?"

மாப்பிள்ளை விடுவானா? "இன்னொரு தட்டு கொண்டா!" என்றான். லாஸ்யாவின் தோழிகள் ரெண்டு தட்டு கொண்டுவந்தார்கள். புரோகிதரே சிரித்துவிட்டார். அதற்குள் ஃபிளாஷும் ஆறிவிட்டது. முதல் சுற்றில் வெட்கப்பட்டவர்கள் இப்போது வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், பல்லிலெல்லாம் மஞ்சள் அரிசி. இந்தப் படங்கள் முதல் சுற்றில் வந்திருக்குமா?

மே 3

விலை கூடிய ஃபிளாஷ் வந்துவிட்டது. நாளை பாலகொல்லுவில் கல்யாணம். பொண்ணு வீட்டார் போனில் முதலில் கேட்டது, "உங்க அத்தய்யா வர்றாங்கதானே?"

கேமராவில் மாட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அத்தய்யா எடுத்துக்கொண்டார்.

"இது என் கையில இருக்கட்டும். உன்னுது நின்னா நான் பேசிச் சமாளிச்சிடுவேன். என்னுது நின்னா நீ என்ன பண்ணுவே? உனக்கு வாய் ஏது?"

மலிவானதை மாட்டிக்கொண்டேன்.