பேராலயப் பேயின் குளிர்ந்த கை

அம்மாவுக்கு உன் வாலில்லாத வானரத்தின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வேலையும் இன்னும் இருக்கிறது.

தியேட்டரில் பேராலயத்துப் பேய்ப் படம். பார்த்தவர்களிடம் கருத்துச் சீட்டு வாங்குவது என் வேலை. நேற்று மதியக் காட்சியில், திரையில் மணி தானாக அடித்தபோது, கடைசி வரிசைக்காரர் கழுத்தில் பின்னாலிருந்து, ஏசியில் சில்லிட்ட என் கையை வைத்தேன். அவர் அலறியதில் அரங்கமே அலறியது.

மேனேஜர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். “கதை சுமார்.” “பேய் பரவாயில்லை.” கடைசிச் சீட்டு: “கழுத்தில் ஒரு கை பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.”

“கையை நீட்டுடா” என்றார். தொட்டுப் பார்த்தார். “இன்னொரு தடவை இந்தப் பேய் வந்துச்சு, வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அனுப்பட்டுமே என்று ஒரு நொடி தோன்றியது.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. நீ பின்னியதாக இருந்தால் நல்லது. அடுத்த காட்சிக்கு மணி அடித்துவிட்டது.

உன் பேய்