திரும்பி வந்த டிரில் மெஷின்

மச்சானுக்கு,

பதினோரு வருடம் உன்னோடு பேசாமல் இருந்தது போதும். என் டிரில் மெஷினை இரவல் வாங்கிப் போய், அது உன்னுடையதென்றே சாதித்தவன் நீ. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

இன்று காலை பார்த்தால், அதைத் துடைத்துப் பளபளவென்று எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் தங்கை முகம் வெளிறிவிட்டது.

"அண்ணன் வாங்கினதைத் திருப்பிக் குடுக்குற ஆளாங்க? வேலை போனதுலேர்ந்தே சரியில்ல. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும்தான். நேராகவே கேட்கிறேன். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் சொல், திட்டமாட்டேன். உன்னைத் திட்ட வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன.

இதை உன் கதவுக்கடியில் நானே தள்ளிவிட்டு, மெஷினோடு உன் வாசலில் நிற்பேன். கதவைத் திற. உன் வீட்டில் நீ மாட்டிய அலமாரி இன்னும் கோணலாகத்தான் இருக்கிறதாம், சேர்ந்து சரிசெய்வோம்.

கையெழுத்துப் போடப்போவதில்லை. உன்னை இப்படி ஏச வேறு யார் இருக்கிறார்கள்?