உள்ளி நடுகிற கிழமை

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, மொன்றியல்
17 செப்டம்பர் 2006

அன்பின் ஈசுவுக்கு,

நான் நலம். நீரும் குட்டிப் பேத்தியும் சுகமென்று மகள் ஆர்த்திகா சொல்லித்தான் அறிகிறேன். வான்கூவருக்குப் போன் எடுத்தால் "அம்மா குளிக்கிறா" என்கிறாள். காலையிலும் குளிப்பு, மாலையிலும் குளிப்பு. அங்கே தண்ணீர் மலிவு போலிருக்கிறது. நேற்று, "உங்களைக் கடிதம் எழுதட்டாம் அப்பா, அம்மா பதில் போடுவாவாம்" என்றாள். சரி, எழுதுகிறேன். கலியாணத்துக்கு முன்னர்கூட நான் உமக்கு எழுதியதில்லை.

விஷயம் தோட்டம். இரவில் குளிரத் தொடங்கிவிட்டது. எதை வீட்டுக்குள் எடுப்பது, எதைக் கிண்டுவது, எதை விடுவது, ஒன்றும் விளங்கவில்லை. வீடு விற்கிற ஏஜென்ட் பின்வளவைப் பார்த்துவிட்டு, "இதென்ன பண்ணையா? பாத்திகளை மூடிப் புல்லுப் போட்டால்தான் ஆட்கள் வாங்குவார்கள்" என்றான். ரொறன்ரோவில் தம்பி ஸ்ரீதரன் தன் தெருவிலேயே எங்களுக்கு வீடு பார்த்து வைத்திருக்கிறான். அங்கே கடையிலும் தமிழ், டொக்டரிடமும் தமிழ். இதில் நீர் கோபிக்க என்ன இருக்கிறது?

எப்போது வருகிறீர்?

உமது
பேரின்பநாதன்

வான்கூவர்
24 செப்டம்பர் 2006

அன்பின் ஆர்த்தியின் அப்பாவுக்கு,

போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், பிள்ளைபெற்ற பச்சை உடம்புக்காரி இரண்டு பேருக்கும் சமாதானம் சொல்லுவாள். அதனால்தான் எழுதச் சொன்னேன்.

கோபிக்க என்ன இருக்கிறதா? வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போய்விட்டுக் காரை விட்டு இறங்குகிறேன், வாசல் புல்லில் "விற்பனைக்கு" என்று பலகை நிற்கிறது. வீட்டுக்காரிக்குச் சொல்ல முதல் தெருவுக்குச் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு "ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்?" என்று வேறு கேட்டீர்கள். அன்றைக்குத்தான் டிக்கெட் போடச் சொன்னேன். மகளின் பேறு பார்க்க வந்தது சாட்டு.

கறிவேப்பிலையையும் மிளகாய்ச் சாடிகளையும் இன்றைக்கே உள்ளே எடுங்கோ. டாலியாப் பூச்செடிகளைத் தொடாதேயுங்கோ. உறைபனி விழுந்து இலை கறுத்த பிறகு கிழங்கைக் கிண்டி, மண்ணைத் தட்டி, காயவிட்டு, பேஸ்மென்ட்டில் வையுங்கோ. அடுத்த மாதம் தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிய, உள்ளி நடுகிற கிழமை. பெரிய வெள்ளைப்பூண்டாக எடுத்துப் பல்லைப் பிரித்து, கூர் மேலே பார்க்க ஊன்றவேணும். ஆனால் இப்போது நட்டால் வருகிற ஆடியில்தான் பிடுங்கலாம். விற்கிற வீட்டில் அது எதற்கு? நடவேண்டாம்.

ஜெகதீஸ்வரி

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
8 அக்டோபர் 2006

அன்பின் ஈசுவுக்கு,

முழுப்பெயரில் கையெழுத்து வைத்திருக்கிறீர். வங்கிக்கு எழுதின மாதிரி இருக்கிறது.

சாடிகள் உள்ளே வந்துவிட்டன. கறிவேப்பிலை இலை கொட்டுகிறது, அதற்கும் என்னோடு கோபம். டாலியா விஷயத்தில் ஆர்த்திகாவையும் ஒரு சொல் கேட்டேன். "கிண்டத் தேவையில்லை அப்பா, மேலே சருகைப் போட்டு மூடிவிடுங்கோ. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்" என்றாள். என்னுடைய இடுப்பு நோவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மூடிவிட்டேன்.

நேற்று ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. நல்ல ஆட்கள். அந்த மனுசி உம்முடைய பாத்தியில் ஏறி நின்று கையை விரித்துக் காட்டினா. இதிலிருந்து வேலிவரை நீச்சல்குளமாம். மண்ணை அள்ளி லொறியில் ஏற்றிவிடுவார்களாம். நான் "வெரி குட்" என்றேன். அதிலிருந்து வீட்டுக்குள் ஓரிடத்தில் இருக்கமுடியாமல் கிடக்கிறது. ஒவ்வொரு யன்னலாகப் போய் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் "மதாம் எங்கே?" என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "நாளைக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

உமது
பேரின்பநாதன்

வான்கூவர்
14 அக்டோபர் 2006

அன்பின் ஆர்த்தியின் அப்பாவுக்கு,

உங்களுக்கென்ன விசரா? அவள் சொன்னது வான்கூவருக்கு! இங்கே நிலம் உறைவதேயில்லை, சருகு போதும். மொன்றியலில் மண் கல்லாகிவிடும், கிழங்கு செத்துப்போகும். சருகை விலக்கிவிட்டுக் கிண்டுங்கோ. தோட்டம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் குளிரைப் பார்த்துச் செய்யவேணும்.

இங்கே ஒன்றும் முடிகிறதாக இல்லை. மழை, பிறகு மழை. ரோசா இன்னும் வெட்கமில்லாமல் பூக்கிறது. அங்கே என்றால் இந்த மாதம் எனக்குக் கை ஓயாது. இங்கே "சும்மா இருங்கோ அம்மா" என்கிறாள் மகள். சும்மா இருக்க முடியாமல் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடக்கிறேன்.

நீச்சல்குளம் என்ற இடத்தில் உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நாங்கள் வந்தபோது அது வெறும் களிமண். தெருக்காரர் பையில் கட்டி வெளியே வைத்த சருகையெல்லாம், நீங்கள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, நான் காரில் ஏற்றிவந்து போட்டேன். எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. வேலையும் அப்படி இப்படித்தான். இந்த நாட்டில் நான் உண்டாக்கினது அந்த மண் ஒன்றுதான். அதற்கா வெரி குட் சொன்னீர்கள்?

ஜெகதீஸ்வரி

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
22 அக்டோபர் 2006

அன்பின் ஈசுவுக்கு,

வியாழக்கிழமை உறைபனி விழுந்தது. டாலியா கறுத்துத் தொங்கியது. கிண்டிவிட்டேன். ஒரு கிழங்கில் மண்வெட்டி பட்டுவிட்டது, வேண்டுமானால் என்னைத் திட்டும்.

ஏஜென்ட்டிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். பலகையை நானே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். ஸ்ரீதரன் போனில் "அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கத்துகிறான். கத்தட்டும். உம்மைக் கேட்காமல் செய்தது பிழை, ஈசு.

உள்ளி நட்டுவிட்டேன். கூர் மேலேயா கீழேயா என்று உமது கடிதத்தை மண்ணில் விரித்துவைத்துப் பார்த்துப் பார்த்து ஊன்றினேன். பலகை நின்ற குழியை வெறுமனே மூட மனமில்லை. அதற்குள்ளும் சில பல்லுப் போட்டேன். இனி வாரும்.

உமது
பேரின்பநாதன்

வான்கூவர்
22 அக்டோபர் 2006

அன்பின் ஆர்த்தியின் அப்பாவுக்கு,

ஒரு கிழமையாகக் கடிதம் இல்லை. வீடு கைமாறிவிட்டது என்று நினைக்கிறேன்.

இங்கே ஆட்களுக்கு நகரசபை தோட்டத்துண்டு கொடுக்கிறது. எனக்கும் ஒன்று கிடைத்தது. நேற்று மழைக்குள் நின்று உள்ளி நட்டேன். நட்டு முடிய, பல நாளைக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டேன்.

நீங்கள் ஸ்ரீதரனிடம் போங்கோ. நான் இங்கே மகளோடு இருந்துவிடுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தவரைக்கும் நாளைக்கே வந்து சண்டை பிடிக்கலாம் என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாத்திரையை மறக்காதேயுங்கோ.

ஜெகதீஸ்வரி

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
29 அக்டோபர் 2006

அன்பின் ஈசுவுக்கு,

எங்கள் கடிதங்கள் ஒன்றையொன்று வழியில் தாண்டிப் போயிருக்கின்றன. நான் உள்ளி நட்ட அதே நாட்களில் நீரும் நட்டிருக்கிறீர், என்னை விட்டுவிட்டு இருப்பதற்காக.

வாசித்ததும் நட்டதெல்லாவற்றையும் கிளறி எறிய மண்வெட்டியோடு வெளியே போனேன். பாத்தியடியில் நின்றேன். குளிர் காதைக் கடித்தது. திரும்பி வந்து ஆர்த்திகாவுக்குப் போன் எடுத்தேன். "உங்க உள்ளி எப்ப பிடுங்கிறது?" என்று கேட்டேன். "இஞ்ச வெயில் முந்தி வந்திடும் அப்பா, உங்களுக்கு முதலே பிடுங்கலாம்" என்றாள்.

அப்படியென்றால் உமது துண்டை விடவேண்டாம். அங்கத்தையதைப் பிடுங்கிக்கொண்டு வாரும். இங்கத்தையது அதுவரை மண்ணுக்குள் இருக்கும். நீர் வராவிட்டாலும் வீட்டை விற்கமாட்டேன். பயமுறுத்தவில்லை, விஷயத்தைச் சொல்கிறேன். எனக்கு இந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, ஈசு.

உமது
பேரின்பநாதன்

வான்கூவர்
5 நவம்பர் 2006

அன்பின் ஆர்த்தியின் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ஆர்த்திகா வாசிக்கக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

உள்ளிக்கு மேல் வைக்கோல் போட்டீர்களா? போடாவிட்டால் மண் உறைந்து உருகுகிறபோது பல்லை மேலே தள்ளிவிடும். டாலியாக் கிழங்கை இடைக்கிடை பாருங்கோ, அழுகினதை எறியுங்கோ. வாசல் புல்லில் போய் உள்ளி நட்ட மனுசனை என்ன சொல்லுவது? தெருவே சிரிக்கப்போகிறது. அதற்கும் வைக்கோல் போடுங்கோ.

இங்கத்தையது ஆனிக் கடைசியில் பிடுங்கலாமாம். அங்கத்தையதைத் தொடாதேயுங்கோ. அடியிலை மஞ்சளாகத் தொடங்கினதும் நீங்கள் அவசரப்படுவீர்கள், எனக்குத் தெரியும். எப்போது பிடுங்குவதென்று நான் வந்து பார்த்துச் சொல்கிறேன்.

ஈசு