கையெழுத்துப் போடாத துப்பாக்கி மனு

தேவாரம்,
ஈசுவர வருடம் ஐப்பசி 20.

கொழும்பில் இருக்கும் அன்பு மகன் செல்வமணிக்கு அப்பா கருத்தக்கண்ணன் எழுதுவது. தெய்வம் துணையிருக்க இங்கே எல்லோரும் சுகம், உனக்கும் காய்ச்சல் விட்டு உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, மழைதான் போதாது.

துப்பாக்கியைத் திரும்பக் கேட்டு நீ இங்கிலீஷில் எழுதி அனுப்பிய மனு வந்து சேர்ந்தது. மாசியில் எவனோ ஒருவன் பங்காளிச் சண்டையில் ஒரே வீட்டில் நாலு பேரைச் சுட்டுப் போட்டான், அதோடு நம் பக்கத்துத் துப்பாக்கிகளையும் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். அவன் வைத்திருந்தது லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கி. "எவனோ சுட்டதுக்கு, பன்னி வெரட்ட வச்சிருக்கவன் துப்பாக்கியப் பிடுங்கினா எப்படிங்க, பன்னிக்கு யாரு சட்டம் சொல்றது" என்று ஏட்டிடம் நானே கத்திவிட்டு வந்தேன். அது தப்பான பேச்சு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கி இல்லாவிட்டால் என்ன என்று உன் அம்மா அது மாட்டியிருந்த சுவர் முளைக்கே சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் கடலைக் காடு முழுக்கப் பன்றி உழுது போட்டிருக்கிறது, எல்லாம் உன் மாமன் சின்னக்கருப்பு அடைக்காமல் விட்ட வேலி வழியாக வந்தவை. மூன்று தடவை சொல்லியும் அடைக்காதவன். அவன் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தேன், அவனும் பின்னாலேயே நம் வாசலுக்கு வந்து, "காவக் காக்க வக்கில்லாம என் வேலியக் குத்தம் சொல்றீகளோ, எங்கக்கா மொகத்துக்காகப் பாக்குறேன்" என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். உன் அம்மா புல்லறுக்கப் போயிருந்தாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, உள்ளே ஓடினேன், கை நேராக முளைக்குப் போனது. வியர்த்த உள்ளங்கையில் சந்தனமும் குங்குமமும்தான் அப்பியது. கூரையில் அரிவாள் செருகித்தான் இருந்தது, கை அங்கே போகவில்லை. அரிவாள் என்றால் கிட்டே போய் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், துப்பாக்கிக்கு வாசற்படியே போதும். வெளியே வந்தபோது உன் மாமன், கீழே விழுந்த என் துண்டை எடுத்து மண்ணை உதறிக்கொண்டு நின்றான். அவனைத்தான் நான் சுடப் போயிருந்தேன். செல்வமணி, எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

துப்பாக்கியை எல்லாம் வாங்கி வைத்தால் கொலை நின்றுவிடுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கள்ளத் துப்பாக்கிக்காரன் எந்த ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுக்கப் போகிறான். அன்று நம் வீட்டில் ஒரு கொலை நின்றது, அது மட்டும் தெரியும். பன்றிக்குக் கோம்பை நாய் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன், தகர டின்னும் தட்டிக்கொள்ளலாம். மாமன் முள் வெட்டி வந்து வேலியை அடைத்துவிட்டான். நேற்று நம் வீட்டில்தான் சாப்பிட்டான், அந்த முளைக்கு நேர் கீழே உட்கார்ந்து. "துப்பாக்கி எப்ப வருது மச்சான்" என்று அவனே கேட்கிறான்.

வேளைக்குச் சாப்பிடு, பச்சைத் தண்ணீர் குடிக்காதே. நீ நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். பதில் எழுதும்போது, வயதான காலத்தில் அப்பா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பனியில் காவல் கிடக்க வேண்டாம், அதைத் திரும்பக் கேட்கவே வேண்டாம் என்று நீயாகச் சொல்வதுபோல் எழுது. மற்றது ஒரு எழுத்தும் கூடாது. என் வாசிப்பு உன் அம்மாவுக்குப் பிடிக்காது, உன் கடிதம் வந்தால் தன் தம்பியைக் கூப்பிட்டுத்தான் வாசிக்கச் சொல்லுவாள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா,
கருத்தக்கண்ணன்