உன் ஸ்வெட்டரில் ஒரு நூல்

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் போகவில்லை. காலையிலிருந்து கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். மஞ்சில் எதிரே பஸ் ஸ்டாண்டே தெரியவில்லை. செத்துப்போனவன் என்றும் பாராமல் உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

ஊட்டியில் ஸ்வெட்டர் விற்றே வயதானவர்கள் நாம். "அசல் கம்பளியா?" என்று கேட்பவர் முன்னால் ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். முடி பொசுங்கும் வாடையோடு சாம்பலானால் கம்பளி. உருகிக் கருப்பு மணியாகத் திரண்டால் அக்ரிலிக். பக்கத்துக் கடையிலிருந்த நீ எதையும் கொளுத்தவிடுவாய், உன் மனைவி கல்யாணமான புதிதில் பின்னிக்கொடுத்த அந்த நீல ஸ்வெட்டரைத் தவிர. அது அசல் கம்பளி என்பாய் நீ, அக்ரிலிக் என்பேன் நான்.

"ஒரு நூலு குடு, பாத்தரலாம்" என்று நான் தீப்பெட்டியோடு வந்தால், டீ டம்ளரைக்கூட வைக்காமல் ஓடுவாய். "ஊட்டுக்காரி பின்னுனதுல கைய வெக்காத!" உறைபனி நாட்களில் அதற்குள்ளே இரண்டு சட்டை போட்டிருப்பாய். அதற்கும் சேர்த்துக் கிண்டல் செய்வேன். தோற்றுவிடுவோமென்று பயந்து ஓடுகிறாய் என்றே கடைசிவரை நினைத்தேன்.

நேற்று உன் மனைவி அதை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். இன்று மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுதால் அழுததோடு விட வேண்டியதுதானே? கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். உருகித் திரண்டது. ஜெயித்துவிட்டேனடா என்று நிமிர்ந்தால், வாசலில் உன் மனைவி.

"என்னமோ கருகுன வாசம் அடிக்குதுங்களேண்ணா?"

"புதுச் சரக்குங்க. சும்மா பாத்தேன்."

உள்ளே வந்து உன் ஸ்வெட்டரை வாங்கித் தடவியபடி நின்றார். "சுத்தக் கம்பளின்னு சொல்லித்தான் நூலு குடுத்தாங்க. இதப் போட்டுட்டு அவரு ஒரு நாளும் குளுருதுன்னு சொன்னதில்லீங்க. இப்ப எனக்கு அந்த நெனப்புதான் ஆறுதல். அசலுதானுங்களே?"

அந்த இரண்டு சட்டைகளும் எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்மேல் கோபமாக வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம் நீ.

"அசலுங்க" என்றேன். கைக்குள் மூடிய மணி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் குளிர் தாங்காமல் உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் டீ குடித்தேன். உன் கடையிலிருந்து உன் மகன் எட்டிப் பார்த்தான். நம் சண்டையைக் கேட்டே வளர்ந்தவன். கையில் தீப்பெட்டி.

"மாமா, ஒரு நூலு குடுங்க, பாத்தரலாம்."

டம்ளரைக்கூட வைக்காமல் ஓடினேன்.