‘பிடிக்கலை’ன்னு எழுதிக்கிடுங்க

என் பிரியத்துக்குரிய மாமா,

இப்படிக் கூப்பிட்டதுக்கே முறைப்பீங்கன்னு தெரியும். கல்யாணத்துக்கு முன்னால ஊர்ல எல்லாரையும் போல அண்ணாச்சின்னுதான் கூப்பிட்டேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மாமான்னு கூப்பிட்டதும், “யாருக்கு யாருவே மாமா?”ன்னு ஒரு அதட்டல் போட்டீங்க. இப்ப திருப்பிக் கேக்க மாட்டீங்கங்கிற தைரியத்துல வாய் நிறையக் கூப்பிட்டுக்கிடுதேன். மாமா, மாமா, மாமா!

இங்கன எல்லாரும் சுகம். ஐப்பசி மழை இந்தத் தடவை ஏமாத்தலை. புதூர் பக்கமெல்லாம் கரிசல் நல்லா நனைஞ்சு கிடக்கு, நம்ம விதைக்கடையில கூட்டம் தாங்கலை. கல்லாவுல செல்விதான் உக்காருதா. உங்க மகளாச்சே, வாய் சும்மா இருக்குமா? “இந்த உளுந்து போன வருசத்துது, முளைப்பு சுமாராத்தான் இருக்கும்”னு சொல்லி, நாகலாபுரத்துக்காரர் ஒருத்தரை நேத்து எதிர்க்கடைக்கு அனுப்பி வச்சிட்டா. அவரு அங்கன போயி விசாரிச்சிட்டு, திரும்ப இங்கனயே வந்து மக்காச்சோளம் வாங்கிட்டுப் போனாரு. நீங்க இருந்திருந்தா வெளியே காட்டிக்கிடாம சிரிச்சிருப்பீங்க.

இது பத்திரிகையில வரப்போற கடுதாசி. அதனால தெரியாதவங்களுக்கும் சேத்துச் சொல்லுதேன். மோட்டாருக்குக் காயில் கட்டுற ரீவைண்டிங் கடை வச்சிருந்த சாகுலுக்கும், அதான் எனக்கும், விதைக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சியோட ஒத்தை மகள் செல்விக்கும் மனசு ஒட்டிப்போச்சு. தொண்ணூறுகள்ல கோவில்பட்டியில இது சின்ன விசயமா? ரெண்டு வீட்டிலயும் அடுப்பு எரியலை. நாங்க ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயி மனு குடுத்தோம். முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவாங்க, ஆட்சேபணை இருந்தா யாரும் வந்து சொல்லலாம்னாங்க. நீங்க வந்தீங்க.

தனியாவா வந்தீங்க? உங்க மச்சினன் பால்ராசையும் கூட்டிக்கிட்டு. அவரு வழியெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்காரு. “முறைமாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கட்டிக் குடுத்தாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான், சாட்சிக்கு ஆள் நான் கொண்டாரேன், இந்தக் கல்யாணம் இழுத்துக்கிட்டே கிடக்கும்”னு. இதைப் பின்னால அவரே என்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு.

விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. நானும் செல்வியும் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிறோம். அதிகாரி ஒவ்வொண்ணா கேட்டாரு.

“பொண்ணுக்கு வயசு ஆகலையா?”

“அதெல்லாம் எப்பவோ ஆயிட்டு.”

“புத்தி சுவாதீனம்?”

“நல்ல புத்திதான். இந்தப் பயலைக் கட்டணும்னு நினைக்கிறதைத் தவிர.”

“ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களா?”

பால்ராசு உங்க விலாவுல இடிச்சாரு. நானே பாத்தேன். நீங்க தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சீங்க. செல்வி என் கையை நகம் பதியப் பிடிச்சா. அந்த ஒரு வார்த்தையில எங்க வாழ்க்கை தொங்கிக்கிட்டு கிடந்துச்சு மாமா.

“இல்லை. ஆகலை”ன்னீங்க.

“பின்ன என்னதான்யா உங்க ஆட்சேபணை?”

“எனக்குப் பிடிக்கலை.”

“பிடிக்கலைங்கிறதெல்லாம் சட்டத்துல கிடையாதே.”

“சட்டத்துல இல்லாட்டா என்ன? எனக்கு இருக்கே. பிடிக்கலைன்னு எழுதிக்கிடுங்க. பொய்யில்லைலா?”

அதிகாரி பேனாவைக் கீழே வச்சிட்டுச் சிரிச்சிட்டாரு. பால்ராசு தலையில அடிச்சுக்கிட்டு வெளியே போனாரு. ஊர் நியாயம் உங்க பக்கம் இருந்துச்சு, சட்டம் எங்க பக்கம். சட்டத்தைத் தட்டிவிட ஒரே ஒரு பொய் போதும். ஊரும் உங்களைக் கொண்டாடியிருக்கும். ஏன் சொல்லலை? மகள் மேல பாசமா, மனசாட்சிக்குப் பயமா? ஒருநாள் கேட்டதுக்கு, “நடக்காததை எப்படிவே சொல்ல?”ன்னு என்னையே முட்டாளைப் பாக்கிற மாதிரி பாத்தீங்க.

கல்யாணத்தன்னைக்கு நடந்த கூத்தைச் சொல்லணுமே! மூணு சாட்சி வேணும். எப்போதும்வென்றான் ஊர்ல இருந்து வரவேண்டிய என் சேக்காளி வந்து சேரலை. தெருவுல போறவங்க கையைக் காலைப் பிடிச்சுக் கெஞ்சுதேன், ஒருத்தனும் வர மாட்டேங்கான். எல்லாரு கண்ணும் எதிர்த்தாப்புல பெட்டிக்கடைக்குப் போகுது. அங்கன நீங்க சோடா பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு, குடிக்காம நின்னுக்கிட்டிருக்கீங்க. மகளை ஒருதடவை பாத்துட்டுப் போகலாம்னு வந்தீங்களோ என்னவோ.

“ஏலே, என்ன அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டிருக்க?”

“சாட்சிக்கு ஆள் இல்லை அண்ணாச்சி. நீங்க வரவிட மாட்டீங்கன்னு எல்லாரும் பயப்படுதாங்க.”

வந்துச்சே உங்களுக்கு ஒரு கோபம்! “நான் எவன்கிட்டலே அப்படிச் சொன்னேன்? நான் சொல்லாததை எம் பேருல எப்படிச் சொல்லலாம்?”னு கத்திக்கிட்டே ரோட்டைத் தாண்டி வந்து, நேரா ஆபீசுக்குள்ள நுழைஞ்சிட்டீங்க. அதிகாரி எந்திரிச்சே நின்னுட்டாரு. “ஆட்சேபணை சொன்ன நீங்களா சாட்சி?”

“சாட்சின்னா என்னய்யா? கண்ணால கண்டதைச் சொல்றதுதானே? கல்யாணம் நடக்கு, நான் பாக்குதேன். எனக்குப் பிடிக்கலைங்கிறது வேற, அது அப்படியே இருக்கட்டும். கையெழுத்து எங்கன போடணும்?”

செல்வி அழுதுக்கிட்டே சிரிச்சா. நாங்க மாலை மாத்திக்கிட்டோம். கையெழுத்தைப் போட்டுட்டு, அவ தலையில ஒருதடவை கையை வச்சிட்டு, சோடாவுக்குக் காசு குடுக்கணும்னு போயிட்டீங்க.

அப்புறம் வருசக்கணக்கா நம்ம வீட்டுல சாப்பிட்டீங்க. என் பிள்ளைகளைத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சுத்துனீங்க. பெருநாளைக்கு எனக்கு முந்திப் புதுச்சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னீங்க. ஆனா “இப்பவாவது என்னைப் பிடிச்சிருக்கா மாமா?”ன்னு கேட்டா, “கொழம்புல உப்பு கம்மி”ம்பீங்க. எனக்கு அது ஒரு ஏக்கமாவே இருந்துச்சு. வேற யாராவது பிடிச்சிருக்குன்னு சொன்னா மரியாதைக்குச் சொல்லுதாங்கன்னு நினைக்கலாம். நீங்க சொன்னா அது மெய்யாத்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்துக்கிடந்தேன்.

பிறகு அந்த மதுரைப் பயணம். விதை எடுக்க நீங்களும் நானும் போன இடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க. உடனே ஆபரேசன் பண்ணணும்னுட்டாங்க. செல்வி பஸ் ஏறி வர மத்தியானம் ஆகும். நர்சம்மா ஆபரேசன் சம்மதப் பேப்பரை நீட்டினாங்க. நான் மருமகன்னதும், “மருமகன் போடக்கூடாது, ரத்த சொந்தம்தான் கையெழுத்துப் போடணும், இங்க அதுதான் ரூல்”னு கறாரா நின்னாங்க.

படுத்திருந்த நீங்க தலையைத் தூக்கினீங்க. “அவன் என் மகன்தான். பேப்பரை அவன்கிட்டக் குடுங்க.”

அந்தம்மா என் பேரைப் பாத்தாங்க, உங்க நெத்தித் திருநீறைப் பாத்தாங்க. “சாகுல்... உங்க மகனா?”

“ஆமாம்மா. மூத்தவன். ஒத்தை மகன்.”

மூத்தவனாம், ஒத்தை மகனாம்! பொய் சொல்லிப் பழக்கமில்லாதவங்க சொன்னா இப்படித்தான் இருக்கும். அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு பேனாவைக் குடுத்தாங்க. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்.

பிழைச்சு எந்திரிச்சு வந்தீங்க. ஊருக்கு வந்ததும் மெதுவாக் கேட்டேன், “மகன்னு சொன்னீங்களே மாமா?”

“மயக்க மருந்துல ஏதாவது உளறியிருப்பேன்.”

“அப்ப மருந்தே குடுக்கலையே!”

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டீங்க. போர்வைக்குள்ள உங்க தோள் குலுங்குனதை நான் பாத்தேன்.

அதுக்கப்புறமும் நாலஞ்சு வருசம் நல்லா இருந்தீங்க. போன தையில, தூக்கத்துலயே போயிட்டீங்க. சட்டத்துக்கு முன்னால ஒரு பொய் சொல்லி என் வாழ்க்கையைக் கெடுத்திருக்கலாம், சொல்லலை. ஆஸ்பத்திரிச் சட்டத்துக்கு முன்னால மட்டும் கூசாமச் சொன்னீங்க. மாமா, அது பொய்தானா?

எனக்குத் தெரியலை. ஆனா ஒண்ணு உறுதியாச் சொல்லுதேன். இனி யாரு எங்கன கேட்டாலும், எந்தத் தாள்ல கேட்டாலும், நான் உங்களுக்கு யாருன்னு நீங்க சொன்னபடியேதான் சொல்லுவேன். உங்க வாயில இருந்து வந்த எதையும் பொய்யாக விடமாட்டேன்.

உங்கள் மூத்த மகன், ஒத்தை மகன்,
சாகுல்